படம் வராத பாட்டு

செஞ்சியில் ஆனி மாதத்துக்கு இரண்டு வெயில். வானத்திலிருந்து இறங்குவது ஒன்று. அதைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கோட்டைமலைப் பாறைகள் திருப்பித் தருவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் கடைத்தெரு. என் வீட்டுக்காரர் அரங்கநாதன் சரக்கெடுக்கிறேன் என்று காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். வளையல் கடையில் உட்கார்ந்து வேகிறவள் நான். அன்றைக்குக் கரண்டு வேறு போவதும் வருவதுமாக இருந்தது. ஃபேன் நின்றால் இந்த ஆதிலட்சுமி மனுஷியாக இருக்க மாட்டாள் என்று தெருவுக்கே தெரியும். யாராவது வந்தால் எரிந்து விழலாம் என்று காத்திருந்தேன்.

வந்தது அமலா. ஏழு மாத வயிறு. கூட அவள் அம்மா நாகம்மாள், அப்பா பச்சைமுத்து. தளவானூர்க்காரர்கள். நாகம்மாளுக்கு நடவு, களையெடுப்பு, மல்லாட்டைக் கடலை பிடுங்குவது என்று ஓயாத வேலை. அந்தக் கூலியில்தான் அமலா நர்ஸுக்குப் படித்தாள். என் கடைக்கு நாகம்மாள் எத்தனையோ வருஷப் பழக்கம். அவள் பேரம் பேச ஆரம்பித்தால் எதிர்க் கடைக்காரன் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பான். அப்படி ஒரு தொண்டை. அன்றைக்கு என்னவோ, பச்சை வளையலைத் தொட்டுக் காட்டினாள், சிவப்பைத் தொட்டுக் காட்டினாள், வாயே திறக்கவில்லை. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றியிருந்தாள்.

"இன்னா நாகம்மா, இன்னிக்கி பேரமே காணோம்? மருமவன் காசா?" என்று கேட்டுவைத்தேன்.

நாகம்மாள் சிரித்தாள். சத்தம் வரவில்லை. அமலாதான் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தொண்டையில கட்டிக்கா. தை மாசம் புதுச்சேரில ஆபரேஷன். கொரல் பொட்டியையே எடுத்துட்டாங்க. இனிமே பேச வராது."

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. பச்சைமுத்து வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகம்மாள் என் கையைத் தட்டிவிட்டு, "விடு" என்பதுபோல் கையாட்டி, மகள் கையில் வளையலை ஏற்றிப் பார்க்கத் தொடங்கினாள். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

வளையலைக் கட்டி வாங்கிக்கொண்ட பிறகும் அமலா கிளம்பவில்லை. பக்கத்துக் கடை ஸ்டூடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேரன் அண்ணன் இருக்காராக்கா? எங்க கல்யாணத்துக்கு அவருதான் வீடியோ எடுத்தாரு. நலங்குல அம்மா பாடுனது அதுல இருக்குது."

"அப்புறம் இன்னா? வூட்ல போட்டுப் பாக்க வேண்டியதுதான?"

"போட்டுப் பாத்தோம்க்கா. அம்மா வாயி ஆடுது. பாடுறது சினிமாக்காரி."

அதுதான் இங்கே கல்யாண வீடியோ. எந்தக் கல்யாணத்தை எடுத்தாலும் அதில் மனுஷர் சத்தம் ஒன்றுகூட இருக்காது. தாலி கட்டும்போது ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, நலங்குக்கு ஒரு பாட்டு. அசல் சத்தத்தை மொத்தமாக மூடிவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டை ஒட்டிக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால்தான் நல்ல ஸ்டூடியோ என்று பெயர். என் மகன் கல்யாண வீடியோவில் நான் ஐயரோடு சண்டை போடுகிறேன், பின்னால் காதல் பாட்டு ஓடுகிறது.

"போன்ல ஒண்ணும் இல்லியா அமலா? ஒரு வாய்ஸ் மெசேஜுகூடவா?"

"அம்மா பட்டன் போனு வச்சிருந்துச்சு. பேசும், வச்சிரும். தெனம் பேசுற அம்மாவ யாருக்கா ரெக்கார்டு பண்ணி வைப்பாங்க?"

கடை வாசலில் கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டு அவர்களோடு நானும் ஸ்டூடியோவுக்குப் போனேன். கூப்பிடவில்லைதான். கூப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றால் கடைத்தெருவில் ஒருத்தியும் காலம் தள்ள முடியாது.

சேரன் கேமரா பிடிப்பான், அவன் பெண்டாட்டி ஜெயசுதா கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவாள். நல்ல பிள்ளைகள். அவனுக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம். விஷயத்தைக் கேட்டதும் சேரன் மொட்டைத் தலையைத் தடவினான்.

"கார்டுல இருந்ததெல்லாம் அப்பவே அழிச்சாச்சும்மா. அடுத்த முகூர்த்தத்துக்கு வேணுமில்ல? பழைய ஹார்டு டிஸ்குல ஒரு காப்பி இருந்தாத்தான் உண்டு."

ஜெயசுதா அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு டிஸ்க்கைத் தேடி எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டினாள். அமலா கல்யாணம் அதில் இருந்தது. ஆனால் துண்டு துண்டாக இருந்தது. கேமரா ஒவ்வொரு முறை ஓடி நின்றதும் ஒரு கிளிப். ஒவ்வொன்றுக்கும் பெயர் வெறும் நம்பர்.

"நலங்கு எதுல இருக்குதுன்னு எப்டிம்மா தெரியும்?" என்று பச்சைமுத்து கேட்டார்.

"ஒண்ணொண்ணா தொறந்து பாத்தா பொழுது போயிரும். மொத்தத்தையும் சாப்ட்வேருக்குள்ள இழுத்துப் பரப்பிட்டா படம் தெரியும் நைனா. இதுல பாட்டு ஒட்டல, அசல் சத்தம் அப்டியே இருக்கும். டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிரும்."

யாரும் டீ குடிக்கப் போகவில்லை. திரையில் பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. பாதிக்குப் போனதும் நின்றது. திரை வெளுத்தது. சாப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது.

"இன்னா ஆச்சு?"

"கிராஷ் ஆயிடுச்சு நைனா."

"எது? டிஸ்கு கீழ உழுந்துருச்சா?" பச்சைமுத்து குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

மறுபடி திறந்தாள், மறுபடி இழுத்தாள். அதே இடத்தில் மறுபடி செத்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். சேரன் டிஸ்க் ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினான். அதுவும் பலிக்கவில்லை. சேரன் விழுப்புரத்திலிருந்த சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஃபோல்டர் பேரு இன்னா வச்சிருக்கீங்க?" என்றார்.

"உ போட்டு, அமலா கல்யாணம்னு."

"இன்னாது உ?"

"பிள்ளையார் சுழி சார். எங்க ஸ்டூடியோவுல எந்த வேலைக்கும் மொதல்ல அது போட்டுத்தான் ஆரம்பிக்கிறது."

போனில் அவர் சிரித்த சிரிப்பு எதிர்க் கடைக்குக் கேட்டிருக்கும். "போன மாசம் போட்ட புது சாப்ட்வேருக்குப் பிள்ளையாரத் தெரியாது சேரா. ஃபோல்டர் பேருல தமிழ் எழுத்து இருந்தா மொரண்டு பண்ணும். இங்கிலீஷ்ல மாத்து."

சேரன் ஜெயசுதாவைப் பார்த்தான். ஜெயசுதா என்னைப் பார்த்தாள்.

"என்ன எதுக்குடி பாக்குற? பிள்ளையார் கோச்சுக்க மாட்டாரு, அழி" என்றேன்.

திரையிலிருந்த உ-வைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அழித்தாள். அமலா என்று மட்டும் இங்கிலீஷில் அடித்து மறுபடி இழுத்தாள். கோடு பாதியைத் தாண்டியது. பச்சைமுத்து "போவுது போவுது" என்று குதித்தார். முக்கால் இருக்கும், திரை வெளுத்துப்போனது.

எனக்கே அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. கம்ப்யூட்டருக்கு அடியில் யூபிஎஸ் பேட்டரி கூவ ஆரம்பித்தது.

கரண்டு வரும்வரை இருட்டுக் கடையில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தோம். பச்சைமுத்து பையிலிருந்து அவித்த மல்லாட்டையை எடுத்து மேசையில் கொட்டினார். உரிப்பார், தின்ன மாட்டார், அடுத்ததை உரிப்பார். வாசலுக்குப் போவார், வருவார். சேரன் யாருக்கோ போன் போட்டுப் பாதியில் வைப்பான். அமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த ஸ்டூலிலிருந்து அந்த ஸ்டூலுக்கு மாறினாள். நாகம்மாள் ஒருத்திதான் அசையாமல் இருந்தவள். பிறகு அவளும் எழுந்து, பஸ் ஓட்டுவதுபோல் கையைக் காட்டி, மகள் தோளைத் தட்டினாள். போகலாம், விடு என்கிறாள்.

"நீ உக்காரும்மா" என்றாள் அமலா. "வளகாப்புல எங்க தெருவுல எல்லாப் பொண்ணுக்கும் நீதான பாடுவ. எனக்கு யாரு பாடுவா? பக்கத்து வூட்டுக்காரி பாடுனா நான் கைய நீட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

"அமலா, மாசமா இருக்கறப்ப இப்டி டென்ஷன் ஆவாத" என்றார் பச்சைமுத்து.

"டென்ஷன் ஆவாம? பொறக்கப்போற புள்ளைக்கு அதோட ஆயா கொரலு எப்டி இருக்கும்னு கேட்டா நான் இன்னா காட்டுவேன் நைனா? சினிமாப் பாட்டையா காட்டுவேன்?"

நாகம்மாள் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு அழக்கூடச் சத்தமில்லை.

கரண்டு வந்தது. ஜெயசுதா இப்போது வேறு மாதிரி வேலை செய்தாள். மொத்தமாக இழுக்கவில்லை. கிளிப்புகளில் பாதியை மட்டும் இழுத்தாள். ஏறியது. மீதிப் பாதியை இழுத்தாள். செத்தது. அந்தப் பாதியையும் பாதியாகப் பிரித்தாள்.

"இன்னா சுதா பண்ற?"

"அரிசில கல்லு பொறுக்குறேன்க்கா. ஏதோ ஒண்ணுதான் மொத்தத்தையும் சாவடிக்குது. அது எதுன்னு தெரிஞ்சிட்டா ஒதுக்கிட்டு மிச்சத்த இழுத்துருவேன்."

சாப்ட்வேர் செத்துச் செத்து எழுந்தது. கடைசியில் ஒரே ஒரு கிளிப் மாட்டியது. அதை ஒதுக்கிவிட்டு இழுத்தாள். கோடு ஒரு இடத்திலும் தயங்காமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. திரை முழுக்க அமலா கல்யாணம் சின்னச் சின்னக் கட்டமாக விரிந்தது. பச்சைமுத்து கைதட்டினார்.

நலங்கு கிளிப் கிடைத்துவிட்டது. மண்டபத்தில் அமலா மணையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிப் பெண்கள். நாகம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு முன்னால் வருகிறாள். ஜெயசுதா சத்தத்தைத் திறந்தாள்.

"நலங்கு வைக்க வாங்கம்மா நாலுதெருப் பொண்டுகளே..."

அவள் குரல்தான். என் கடையில் பேரம் பேசிய அதே தொண்டை. அமலா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு வரிதான். அதன்மேல் இன்னொரு குரல் விழுந்தது. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வந்ததால் அதுதான் பெரிதாகக் கேட்டது.

"யம்மா, பாட்டு வாணாம்மா! சும்மா வாய மட்டும் அசைங்க, கேமராவப் பாத்து சிரிங்க. பாட்டு நாங்க போட்டுக்குவோம்."

திரையில் நாகம்மாள் நின்றுவிட்டாள். வெட்கமாகச் சிரித்தாள். பிறகு சொன்னபடி வாயை மட்டும் அசைத்துக்கொண்டே மகள் கன்னத்தில் மஞ்சள் பூசினாள். அந்தக் கிளிப் முடியும்வரை சத்தமில்லாமல் வாயசைத்தாள். இப்போது எப்படியோ, அப்போதும் அப்படியே.

சேரன் முகம் செத்துப்போயிருந்தது. எல்லாக் கல்யாணத்திலும் அவன் சொல்கிற வார்த்தைதான் அது. சத்தம் எப்படியும் மூடப்போகிறது, பாடினால் வாய் கோணும், படம் கெடும் என்று சொல்வான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்று வாய்வரை வந்தது. ஆனால் சொல்ல மனம் வரவில்லை.

"அம்மா..." என்றான் சேரன்.

"வுடு தம்பி" என்றார் பச்சைமுத்து. "அன்னிக்கி நானுந்தான் சொன்னேன், வீடியோக்காரரு சொல்றாருல்ல, சும்மா இருன்னு."

நாகம்மாள் எழுந்தாள். இந்த முறை நிஜமாகவே வளையல் பையை எடுத்துக்கொண்டாள். அமலா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அவ்ளோதானாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெயசுதா ஒதுக்கி வைத்த அந்த ஒரு கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னா கிளிப்பு?" என்று சேரனைக் கேட்டாள்.

"வேஸ்ட்டு. கேமரா பேட்டரி செத்துப் பாதியில நின்னுபோனது. சரியா மூடாத ஃபைலு, அதான் சாப்ட்வேர் கிராஷ் ஆயிருக்குது. அழிச்சிடு."

"நலங்கு கிளிப்புக்கு அடுத்த நம்பரு. பேட்டரி செத்தது சரி, இவ்ளோ பெருசா எப்டி இருக்குது?"

சேரன் யோசித்தான். "நலங்கு எடுத்து முடிச்சதும் பந்திக்குக் கூப்புட்டாங்க. கேமராவ அங்கியே சேர்ல வச்சிட்டுப் போனேன். ஆஃப் பண்ணேன்னுதான் நெனச்சேன். சாப்ட்டு வந்து பாத்தா பேட்டரி காலி..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திக்கொண்டான். ஆஃப் பண்ணுவதாக நினைத்து மறுபடி ஓடவிட்டிருக்கிறான் மடையன். அது நாற்காலியில் கிடந்தபடி ஓடியிருக்கிறது.

"அத போடு சுதா!" என்று கத்தினேன். நாகம்மாளை வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"சாப்ட்வேர்ல போட்டா செத்துரும்க்கா. சும்மா பாட்டு கேக்குற பிளேயர்ல தொறக்குறேன். வந்தா வரட்டும்."

திறந்தாள். படம் வரவில்லை. பச்சையும் கறுப்புமாகச் சதுரம் சதுரமாக ஏதோ நெளிந்தது. அப்புறம் அதுவும் நின்று வெறும் கறுப்பாகிவிட்டது. ஆனால் சத்தம் வந்தது. நாற்காலியை இழுக்கும் சத்தம். யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறார்கள். தூரத்தில் சாம்பார் கேட்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெண் குரல்.

"கேமராக்காரன் சோத்துக்குப் போயிட்டான்டி. இப்ப பாடு நாகு! எவன் கேக்கப்போறான்?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு தொண்டை கனைத்தது. அந்தக் கனைப்பிலேயே அமலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நலங்கு வைக்க வாங்கம்மா நாலுதெருப் பொண்டுகளே,
நாத்துநட்ட கையால மஞ்சபூச வாருங்களே.
சேத்துக்குள்ள நான்நிக்க செலேட்டோட போனபுள்ள,
சேலகட்டி உக்காந்தா எங்கண்ணே பத்தவில்ல..."

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வரிக்கு வரி பெண்கள் குலவை போட்டார்கள், கைதட்டினார்கள். இடையில் ஒரு வரியை மறந்துவிட்டு அவளே சிரித்து, மறுபடி பிடித்துக்கொண்டு பாடினாள். வயலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாடுகிற குரல், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடங்காமல் கரகரத்தது. பச்சைமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சேரன் தரையில் உட்கார்ந்திருந்தான். நாகம்மாளை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். யாரோ தெரிந்த பெண்ணின் பாட்டைக் கேட்பதுபோல், தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சவுண்ட மட்டும் தனியா எடுத்துரலாம் அமலா" என்று ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வெள்ளிக்கிழம ஸ்பீக்கர் கட்டியே போடலாம்."

பாட்டு முடிந்தது. நிறுத்தலாம் என்று ஜெயசுதா கையைக் கொண்டுபோனாள். அதற்குள் ஸ்பீக்கரில் இன்னொரு பெண், "பொண்ண ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்கடி, பொடவ மாத்தணும்" என்றாள். கலைந்து போகிற கொலுசுச் சத்தம். பிறகு அந்தப் பெரிய தொண்டை, கேமராவுக்கு வெகு பக்கத்திலிருந்து, எங்கள் எல்லாரையும் தூக்கிப்போடுகிற மாதிரி கூப்பிட்டது.

"ஏ அமலா! அமலா... சாப்டியாடி?"

பதில் இல்லை. பேட்டரி அங்கேதான் செத்திருக்கிறது.

பாட்டு ஓடியவரை அழாமல் இருந்த அமலா அப்போதுதான் உடைந்தாள். மேசைமேல் சாய்ந்துகொண்டு, கறுப்பாகக் கிடந்த திரையிடம் சொன்னாள்.

"சாப்ட்டேம்மா."

நாகம்மாள் மகள் முகத்தைப் பிடித்து, திரையிலிருந்து தன் பக்கம் திருப்பினாள். ஐந்து விரலையும் குவித்து விரித்து, இன்னா சாப்ட்ட என்று கேட்டாள்.

"இட்லிம்மா. ரெண்டு."

நாகம்மாள் இரண்டு விரலை நீட்டிக் காட்டி, மகள் வயிற்றையும் காட்டி, ரெண்டுதானா என்று முறைத்தாள்.